வலக்கைப் பக்கம் தெற்கு: பழைய ஐரிஷ் மொழியில் திசைப் பெயர்கள்

திசை என்பது கண்ணுக்குப் புலப்படும் பொருளன்று. மலையைக் காணலாம், ஆற்றைக் காணலாம், கிழக்கை யாரும் கண்டதில்லை. ஆயினும் கிழக்கென்றும் மேற்கென்றும் பெயரிட்டுப் பேசாமல் மனிதன் வாழ்வு நடத்த முடியாது. வேட்டைக்குச் சென்றவன் வீடு திரும்பவும், கடலில் இறங்கியவன் கரை சேரவும், நிலத்திற்கு எல்லை குறிக்கவும், வீட்டிற்கு வாயில் வைக்கவும் திசை வேண்டும். காணாத ஒன்றுக்குப் பெயரிட வேண்டுமானால், காணும் ஒன்றைத் துணையாகக் கொள்ள வேண்டும். ஒரு மக்கட்கூட்டம் எதனைத் துணையாகக் கொண்டது என்பதை ஆராய்ந்தால், அம்மக்கள் உலகத்தின் முன் எவ்வாறு நின்றார்கள் என்பதே விளங்கிவிடும். சிலர் மலையைத் துணைகொண்டனர். சிலர் காற்றைத் துணைகொண்டனர். அயர்லாந்தின் பழங்குடி மக்களோ தம் உடலையே துணையாகக் கொண்டனர்.

அயர்லாந்து, ஐரோப்பாவின் மேற்கு விளிம்பில் அட்லாண்டிக் கடலினிடையே அமைந்த தீவு. அங்கு வழங்கிய மொழியின் 600 முதல் 900 வரையிலான நிலையை மொழிநூலார் 'பழைய ஐரிஷ்' என்பர். இலத்தீன் நூல்களின் ஓரங்களிலும் வரிகளுக்கிடையிலும் அக்காலத் துறவியர் தம் தாய்மொழியில் எழுதிவைத்த குறிப்புரைகளே இம்மொழிக்குத் தலையாய சான்றுகள். அந்த ஏடுகள் இன்று ஜெர்மனியின் வூர்ஸ்பர்க், இத்தாலியின் மிலான், சுவிட்சர்லாந்தின் செயின்ட் கால் ஆகிய ஊர்களில் காக்கப்படுகின்றன. அவற்றைக் கொண்டு 1853-ல் செய்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் கெல்திய மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வகுத்தார். 1909-ல் துர்னைசன் என்பார் பழைய ஐரிஷுக்கு விரிவானதோர் இலக்கணம் இயற்றினார். திசைச் சொற்களின் அமைப்பை நாம் இன்று தெளிவாக அறிய முடிவது இத்தகைய அறிஞர்களின் உழைப்பால் ஆகும்.

இனி, ஒரு மனிதன் விடியற்காலையில் வீட்டு வாயிலில் ஞாயிற்றை நோக்கி நிற்பதாக எண்ணிக்கொள்வோம். அவன் முகத்திற்கு நேரே இருப்பது கிழக்கு. முதுகுக்குப் பின்னால் இருப்பது மேற்கு. வலக்கைப் பக்கம் தெற்கு. இடக்கைப் பக்கம் வடக்கு. இதுவே பழைய ஐரிஷ் மொழியின் திசையமைப்பு முழுவதும். அயல்மொழி ஒலிகளைத் தமிழெழுத்தில் முற்றும் காட்டல் அரிதாதலின் ஏறக்குறையக் கூறுவோம். கிழக்கு 'அர்தெர்', அதன் முதற்பகுதி 'முன்' என்னும் பொருளது. மேற்கைக் குறிக்கும் 'இயர்' என்பதற்குப் 'பின்' என்றும் பொருள். இடத்தால் பின்னிருப்பதும் காலத்தால் பின்வருவதும் அச்சொல்லாலேயே சுட்டப்பட்டன. 'தெஸ்' என்றால் வலம், தெற்கும் அதுவே. 'தூவத்' என்றால் இடம், வடக்கும் அதுவே.

இவற்றுள் 'தெஸ்' என்னும் சொல்லின் மீது நேயர்கள் சிறிது கருத்தூன்ற வேண்டும். இலத்தீனில் வலப்பக்கத்தைக் குறிக்கும் 'தெக்ஸ்தெர்', கிரேக்கத்தில் 'தெக்ஸியோஸ்', வடமொழியில் 'தட்சிண' ஆகியவையெல்லாம் இச்சொல்லின் உடன்பிறப்புகள். இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்பத்தின் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை இவை. வடமொழியிலும் ஐரிஷைப் போலவே 'தட்சிண' என்பது வலத்தையும் தெற்கையும் ஒருங்கே குறிக்கும். கிழக்குக்குரிய 'பூர்வ' என்னும் சொல்லுக்கு முன் என்றும், மேற்குக்குரிய 'பச்சிம' என்னும் சொல்லுக்குப் பின் என்றும் பொருள் உண்டு. வடக்கை மட்டும் வடமொழியாளர் இடப்பக்கம் என்னாது, 'உத்தர' என, உயர்ந்த பக்கமாகக் கூறினர். ஆகவே கங்கைக்கரையில் நின்றவனும் அட்லாண்டிக் கரையில் நின்றவனும் ஒரே முறையில் ஞாயிற்றை நோக்கி நின்று, ஒரே வேர்ச்சொல்லால் தெற்கைச் சுட்டியிருக்கின்றனர்.

தமிழகத்திற்கு வெளியே வாழும் நம்மவர்க்கு இச்செய்தி அன்றாடம் காதில் விழும் ஒன்று. தில்லியில் வழி கேட்டால், 'தாஹினே' திரும்புக என்று வலப்பக்கத்தைக் காட்டுவர். நம்மைத் 'தக்ஷிண'ப் பகுதியினர் என்றும் அவர்கள் கூறுவர். இவ்விரு சொற்களும் ஒரே மூலத்தின. ஒன்று மக்கள் நாவில் தேய்ந்து வந்தது. மற்றொன்று நூல் வழக்கிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது. ஐதராபாத்திலும் புனேயிலும் இருப்போர் வாழும் பீடபூமிக்குத் தக்காணம் என்னும் பெயர் வந்ததும் இவ்வேரிலிருந்தே. கிழக்கு நோக்கி நிற்பவனின் வலக்கைப் பக்கத்து நிலம் என்பதே அப்பெயரின் பொருள்.

ஞாயிறு நோக்கி நின்று திசையறியும் வழக்கம் ஒரு மொழிக்குடும்பத்திற்கு மட்டும் உரியதன்று. அரபு மொழியில் 'யமீன்' என்றால் வலக்கை. அரபு நிலத்தின் தென்கோடியிலுள்ள ஏமன் நாட்டின் பெயர் அதனோடு தொடர்புடையது. 'ஷிமால்' என்னும் சொல் வடக்கையும் இடப்பக்கத்தையும் குறிக்கும். அரபு மொழி ஐரிஷுக்கு உறவன்று. எனவே, உறவில்லாத மக்களும் தனித்தனியே இம்முடிவுக்கு வந்திருக்கக்கூடும் எனக் கொள்ளலாம். விடியலை எதிர்நோக்குவது மனிதர்க்கு அத்துணை இயல்பானது.

தமிழோ வேறு வழி சென்றது. நம் கிழக்கு 'கீழ்' என்பதிலிருந்தும், மேற்கு 'மேல்' என்பதிலிருந்தும் பிறந்தவை. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கடலை நோக்கிச் சரியும் நிலத்தின் அமைப்பே இங்குத் திசைக்குப் பெயர் தந்தது. இதனை மொழி வரலாற்றுக்குச் சான்றாகக் காட்டியவர் கால்டுவெல். கேரளத்தில் மலை கிழக்கே உயர்ந்து நிற்கவும், அங்கும் அத்திசை கீழ் என்னும் சொல்லாலேயே வழங்குவதை அவர் சுட்டினார். அம்மக்களின் முன்னோர் மலைக்கு இப்பாலிருந்து சென்றவர் என்பதற்கு அதனைச் சான்றாகக் கொண்டார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-ல் வெளியிட்ட அப்பெரியார் 1814-ல் பிறந்தது அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியிலேயாம். குடிபெயர்ந்த மக்கள் தம் திசைச் சொற்களையும் உடன் கொண்டு செல்வர் என்னும் உண்மையை அவர் ஆராய்ச்சி நமக்கு உணர்த்துகிறது.

மீண்டும் ஐரிஷுக்கு வருவோம். அம்மொழியில் திசை கூறுவோன் திசையை மட்டும் கூறினால் போதாது. அத்திசையில் இருத்தலா, அதை நோக்கிச் செல்லுதலா, அங்கிருந்து வருதலா என்பதையும் சொல்லின் முதலெழுத்திலேயே காட்ட வேண்டும். மேற்கே இருப்பது 'தீயர்'. மேற்கு நோக்கிச் செல்வது 'ஸீயர்'. மேற்கிலிருந்து வருவது 'அனீயர்'. கிழக்கிற்கும் அவ்வாறே 'தைர்', 'ஸைர்', 'அனைர்' என மூன்று வடிவங்கள். நாம் 'மேற்கில்', 'மேற்கு நோக்கி', 'மேற்கிலிருந்து' என்று சொல்லின் இறுதியில் காட்டும் வேறுபாட்டை அவர்கள் சொல்லின் தொடக்கத்தில் காட்டினர். மேல், கீழ் என்பவற்றுக்கும் இம்முறையே. மேலே இருத்தல் 'தூவஸ்', மேலே செல்லுதல் 'ஸூவஸ்', மேலிருந்து வருதல் 'அனூவஸ்' என அமையும். ஆகவே அம்மொழி பேசுவோன் ஒவ்வொரு முறையும் தான் நிற்கும் இடத்தை எண்ணியே பேசியாக வேண்டும். நிற்குமிடம் அறியாதவனுக்கு அங்கே பேச்சே இல்லை.

திசைக்கும் உடலுக்கும் ஒரே சொல் இருந்ததனால் ஒரு பெரும் விளைவு நேர்ந்தது. வலப்பக்கத்திற்கு உரிய நன்மை தெற்கிற்கும், இடப்பக்கத்திற்கு உரிய ஐயம் வடக்கிற்கும் ஒட்டிக்கொண்டன. அயர்லாந்து வடக்கே ஏறத்தாழ 51 பாகை முதல் 55 பாகை வரையிலுள்ள நாடு. அங்கே நண்பகல் ஞாயிறு என்றும் தென்வானிலேயே நிற்கும். தலைக்கு நேரே வருவதே இல்லை. கிழக்கு நோக்கி நிற்பவனுக்கு ஞாயிறு முன்னே எழுந்து, வலப்பக்கமாக நகர்ந்து, பின்புறத்தில் மறையும். ஞாயிற்றின் இப்போக்கைப் பின்பற்றி ஒன்றை வலமாகச் சுற்றுதல் 'தெஸ்ஸெல்' எனப்பட்டது. அதற்கு மாறாக இடமாகச் சுற்றுதல் 'தூவத்பெல்' எனப்பட்டது. முன்னது நன்மை தரும். பின்னது தீங்கு விளைக்கும் என்று அம்மக்கள் நம்பினர். நம் நாட்டில் 'பிரதட்சிணம்' என்னும் சொல்லிலும் அதே வேர் உள்ளது என்பதை நேயர்கள் இதற்குள் உணர்ந்திருப்பர்.

அவர்களுடைய கதைகளில் இந்நம்பிக்கை பலவிடங்களில் வெளிப்படுகிறது. கூலி என்னும் நிலப்பகுதியின் ஆநிரை கவர்தலைக் கூறும் பெருங்கதையில், கொன்னாக்ட் நாட்டு அரசி மேவ் படையெடுத்துப் புறப்படும்போது, அவளுடைய தேர்ப்பாகன் சற்றே பொறுக்குமாறு வேண்டி, தேரை வலமாகத் திருப்புகிறான். நலமுடன் மீள வேண்டும் என்பது அவன் கருத்து. அதே கதையில் இளம்வீரன் கூஹுலின், முதற்போரில் வென்று சினம் தணியாது திரும்புகையில், தன் தேரின் இடப்பக்கத்தை அரசன் கோநகருக்குக் காட்டி வருகிறான். அவ்வாறு காட்டுதல் அந்நகருக்கு விலக்கப்பட்ட செயல்; பகைக்கு அழைப்பு. போயின் ஆற்றின் பிறப்பைக் கூறும் கதையில், போவன் என்னும் பெண் விலக்கப்பட்ட ஊற்றை இடமாகச் சுற்றிவர, ஊற்று பொங்கி எழுந்து அவளை அழித்து ஆறாகப் பெருகியது என்பர். ஐரிஷுக்கு மிக நெருங்கிய மொழி வழங்கும் ஸ்காட்லாந்துத் தீவுகளில், வீட்டையும் விளைச்சலையும் கால்நடையையும் சுற்றித் தீயை ஏந்தி வலம்வந்த வழக்கத்தை மார்ட்டின் மார்ட்டின் என்பார் 1703-ல் வெளியான தம் நூலில் பதிந்துள்ளார்.

இடப்பக்கத்தின் பெயர்களையும் நோக்குவோம். 'தூவத்' என்பதற்கு முதலில் நல்லது என்னும் பொருள் இருந்தது என்றும், அஞ்சத்தக்க பக்கத்தை மங்கலப் பெயரால் சுட்டினர் என்றும் கருதும் அறிஞர் உண்டு. நாமும் அமங்கலமானதை மங்கலச் சொல்லால் கூறும் வழக்கத்தை அறிவோம். மக்கட்கூட்டத்தைக் குறிக்கும் 'தூவத்' என்று இதே வடிவில் ஒரு சொல் இருக்கிறது. அது வேறு, இது வேறு. இவற்றைக் குழப்பிக்கொண்டால் வடநாட்டார் இல்லாத இடத்தில் வடநாட்டாரைக் காண நேரிடும். இடத்தைக் குறிக்க 'க்ளே' என்று இன்னொரு சொல்லும் இருந்தது. அதிலிருந்து வடக்கிற்கு 'ஃபோக்லா' என்றொரு பெயர் பிறந்தது. அண்டை நாடான வேல்ஸில் இன்றும் வடக்கிற்கு வழங்கும் 'கோக்லெத்' என்பது அதற்கு நேரிணை.

இச்சொற்களின் இரட்டைப் பொருள் வெறும் அழகன்று. பொறுப்புள்ள சிக்கலும் ஆகும். ஏறத்தாழ 700-ஆம் ஆண்டளவில் எழுந்த 'க்ரீத் கவ்லாக்' என்னும் சட்ட நூல், அரசன் மாளிகையில் யார் யார் எங்கெங்கே அமர வேண்டும் என்று திசைச் சொற்களால் வரையறுக்கிறது. வாயில் காக்கும் வீரனுக்கு 'ஃபோக்லா'வில் இடம் தரப்பட்டுள்ளது. அது மாளிகையின் வடபக்கமா, இடப்பக்கமா? மாளிகை எத்திசை நோக்கி நின்றது என்பதைத் தெளிந்தாலன்றி இதற்கு விடை கூற இயலாது. இருக்கையின் இடமே ஒருவனுடைய தகுதியைக் காட்டிய சமுதாயத்தில் இது சிறு வினாவன்று. மொழிபெயர்ப்பாளன் வலம் என்று எழுதுவதா, தெற்கு என்று எழுதுவதா எனத் தயங்குமிடத்தில், அப்பழைய மக்களுக்கு அத்தயக்கமே இருந்திராது. அவர்களுக்கு அவை இரண்டல்ல, ஒன்றே.

திசைகளுக்குப் பண்பும் நிறமும் கற்பித்தனர் அம்மக்கள். 10-ஆம் நூற்றாண்டைச் சார்ந்த 'சால்தர் ந ரன்' என்னும் செய்யுள் நூலில், கீழ்க்காற்று செந்நீலம், தென்காற்று வெண்மை, வாடை கருமை, மேல்காற்று மங்கிய பழுப்பு எனக் காற்றுகளுக்கு நிறம் கூறப்படுகிறது. நாட்டைப் பகுத்ததிலும் இம்முறையைக் காணலாம். தாரா மன்றத்தின் அமைப்பைக் கூறும் பழங்கதை, மேற்கே அறிவு, வடக்கே போர், கிழக்கே வளம், தெற்கே இசை, நடுவே அரசு என வகுக்கிறது. மாநிலத்தை உணர்த்தும் ஐரிஷ் சொல்லுக்கு ஐந்தில் ஒரு பங்கு என்பதே பொருள். இன்று அங்கே வழங்குவன நான்கு மாநிலப் பெயர்களே. ஆயினும் சொல் இன்னும் ஐந்து என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. நான்கு திசையும், நிற்கும் நடுவிடமும் சேர்ந்தே ஐந்து. நிற்பவன் இல்லாமல் திசையில்லை என்னும் கருத்து இங்கும் தோன்றுதல் காண்க.

நிலப்படத்தில் இச்சொற்கள் இன்றும் வாழ்கின்றன. தென்பகுதியிலுள்ள மன்ஸ்டர் மாநிலத்தின் பழம்பெயர் 'முமு'. அதன் தெற்கு டெஸ்மண்ட், வடக்கு தோமண்ட், கிழக்கு ஆர்மண்ட். இவை முறையே வலப்பக்கத்து முமு, இடப்பக்கத்து முமு, முன்பக்கத்து முமு என்று பொருள்படுவன. ஆர்மண்ட் 1328-லும், டெஸ்மண்ட் 1329-லும் ஆங்கில அரசர் அளித்த பிரபுப் பட்டங்களாயின. டெஸ்மண்ட் என்பது பின்னர் மக்கட்பெயராகவும் பரவிற்று. அப்பெயர் தாங்கிய பலரும் தம் பெயருக்குள் ஒரு வலக்கை மறைந்திருப்பதை அறியார். மேற்கே கால்வே வட்டாரத்தின் ஒரு பகுதி 'இயர் கொன்னாக்ட்' எனப்படும். பின்பக்கத்துக் கொன்னாக்ட் என்பதே அதன் பொருள். அப்பகுதியைப் பற்றி ஓ ஃப்ளாஹெர்டி என்பார் 1684-ல் ஒரு நூல் எழுதினார்.

மொழி மாறினாலும் பழைய நிலைப்பாடு முற்றும் மறைந்துவிடவில்லை. இன்றைய ஐரிஷில் 'ஷீயர்' என்றால் மேற்கு நோக்கி என்றும் பொருள், பின்னோக்கி என்றும் பொருள். கடிகார முள் சுற்றும் போக்கிற்குப் பழைய 'தெஸ்ஸெல்' என்னும் சொல்லே இக்கால வடிவில் வழங்குகிறது. எதிர்ச்சுற்றுக்கு உரிய சொல்லோ பிழை, தவறு என்னும் பொருளையும் தாங்கி நிற்கிறது. உட்புறம் வெளியே தெரிய அணிந்த சட்டையையும் அச்சொல்லாலேயே சுட்டுவர். 1930-களில் கிளேர் பகுதி உழவர் வாழ்வை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலார் ஆரன்ஸ்பர்க், அங்குள்ள வீடுகளில் 'மேற்கறை' என்னும் அறைக்குத் தனி மதிப்பு இருந்ததைக் குறித்துள்ளார். மகனுக்கு நிலத்தை ஒப்படைத்த முதிய பெற்றோர் அவ்வறைக்குக் குடிபெயர்வர். ஞாயிறு சாயும் பக்கம் முதுமைக்கு உரிய பக்கமாயிற்று.

திசைச்சொல் அரசியற் சொல்லாகவும் மாறியதுண்டு. 1921-ல் அயர்லாந்து இரண்டாகப் பிரிக்கப்பட்டபின் வடபகுதி 'வட அயர்லாந்து' எனப்பட்டது. மற்றதைப் பேச்சு வழக்கில் 'தெற்கு' என்றனர். ஆனால் தீவு முழுவதற்கும் வடகோடியான மாலின் முனை இருப்பது அந்தத் 'தெற்கி'லேயாம். ஞாயிறு வகுத்த திசை வேறு. மக்கள் வகுத்த எல்லை வேறு. ஒரே சொல் இரண்டையும் சுமக்கும்போது, கேட்போன் எதனைக் குறித்துச் சொன்னார் என்று வினவியே தெளிய வேண்டும்.

இவற்றால் நாம் பெறும் கருத்து யாது? வடக்கென்றும் தெற்கென்றும் கூறுங்கால் நாம் வானத்தை மட்டும் கூறவில்லை. நிற்பவன் ஒருவனையும் சேர்த்தே கூறுகிறோம். பழைய ஐரிஷ் மொழி அந்த மனிதனைச் சொல்லுக்குள்ளேயே நிறுத்தி வைத்தது. அவன் முகம், முதுகு, இரு கைகள் என்னும் நான்கினாலும் ஒரு நாடு முழுவதும் அளக்கப்பட்டது. இடம் பெயர்ந்து வாழ்வோர்க்கு இதில் ஓர் ஆறுதலும் உண்டு. எந்த ஊருக்குச் சென்றாலும் தெருக்கள் மாறும், மொழி மாறும், மலையும் கடலும் இடம் மாறி நிற்கும். மலைச்சரிவை நோக்கிப் பிறந்த நம் கிழக்கு, சரிவற்ற கங்கைச் சமவெளியிலும் கிழக்காகவே நம்மோடு வந்திருக்கிறது. விடியற்காலையில் ஒருமுறை வாயிலில் நின்று ஞாயிற்றைப் பார்த்தால், எந்த ஊரும் அறிந்த ஊராகத் தொடங்கிவிடும்.